ஸ்கர்ல்பி கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஹெட்ஃபோன்

ஸ்கர்ல்பி உலோகத் தேடுவோர் கழகத்தில் பதினான்கு உறுப்பினர்களும் பதினொரு பதவிகளும் உண்டு. பதவி கிடைக்காத மூன்று பேரின் மனக்குறையைக் கேட்பதற்கென்று ஒரு நலக்குழு தனியாக இருந்தது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இதைவிடப் பெரிய கழகங்கள் இருக்கலாம், இதைவிட ஒழுங்கான கழகம் கிடையாது என்று தலைவர் ஆப்ரி காத்தோர்ன் அடிக்கடி சொல்வார். அவர் மாவட்ட மன்றத்தின் நடைபாதைத் துறையில் துணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் போட்ட நடைபாதையைவிட, போடலாமா என்று ஆலோசித்த நடைபாதைதான் நீளம் அதிகம்.

ஹெட்லி பாஸ்க் அந்தக் கழகத்தின் தேநீர்ப் பொறுப்பாளர். ஆயுசு முழுக்கக் குழாய் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களில் நடக்க ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் அவர் கண்டெடுத்த பொக்கிஷம், ஏதோ ஒரு ராஜாவின் பாதி முகம் தெரிகிற வெள்ளிக் காசு ஒன்று. மற்றபடி பீர் டின்னின் மூடி வளையங்கள். அவற்றில் மட்டும் ஒரு வாளி நிறைய வைத்திருக்கிறார். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிட்டாலும் கேட்காத நிலையில், நாளெல்லாம் நடப்பதற்கு இந்த உலகத்தில் வேறு எந்த கௌரவமான வழி இருக்கிறது, சொல்லுங்கள்.

இந்த வருடம் கோதுமை அறுத்ததும் வின்னி தர்ல்பி என்ற பண்ணைக்காரம்மா தன் பெரிய வயலைக் கழகத்துக்குத் திறந்துவிட்டார். இரண்டு நிபந்தனை. அடுத்த விதைப்பு வரைக்கும்தான். அப்புறம், ஹெட்ஃபோன் மாட்டாதவன் வாசல் கதவைத் தாண்டக் கூடாது. போன வருடம் ஒரு டிடெக்டர் ஸ்பீக்கரில் கீச்சென்று கத்த, பக்கத்து நிலத்துக் குதிரை மிரண்டு வேலியைத் தாண்டி மாதாகோயில் தோட்டத்தில் போய் நின்றது. கழகம் அந்த நிபந்தனையைத் தன் விதியாகவே எழுதிக்கொண்டது.

முதல் நாள் தேடலிலேயே இரண்டு சம்பவம் நடந்தது. ஒன்று ஊருக்கெல்லாம் தெரிந்தது. மழைத் தூறலில் தலைவரின் ஹெட்ஃபோன் பட்டென்று இரண்டாக உடைந்து, ஒரு பாதி காதிலும் மறு பாதி சேற்றிலுமாக நின்றது. இன்னொன்று ஹெட்லிக்கு மட்டும் தெரியும். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது பார்த்தால் கல்யாண மோதிரத்தைக் காணோம்.

கழகத்தில் தோண்டும்போது மோதிரம் போடக் கூடாது. குழிக்குள் விட்டுத் துழாவுகிற சின்ன டிடெக்டர் இருக்கிறதே, அது விரலில் உள்ள மோதிரத்தைப் பார்த்துவிட்டு, தங்கம் தங்கம் என்று கத்தும். ஆகவே உலோகத் தேடலுக்குப் போகிறவர்கள் தங்கள் உலோகத்தைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. ஹெட்லி விதிப்படி மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு நாள் பூராவும் குனிந்து குனிந்து எழுந்தார். விதி அதோடு முடிந்துவிட்டது, சட்டைப் பைக்குப் பொத்தான் வேண்டும் என்று அதில் இல்லை.

மோதிரத்தின் உள்பக்கம் மேவிஸ் என்று மனைவியின் பெயர் செதுக்கப்பட்டிருந்தது. வருகிற மாதம் அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள். அன்றைக்கு இரண்டு மோதிரத்தையும் லிங்கன் நகரத்துக் கடையில் கொடுத்து மெருகு போட வேண்டும் என்று மேவிஸ் ஏற்கெனவே நாள் குறித்துவிட்டாள். ஹெட்லி கொட்டகைக்குப் போய், செப்புக் குழாயை இறுக்குவதற்குப் போடுகிற பித்தளை வளையம் ஒன்றைத் தேடியெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து விரலில் மாட்டினார். தூரத்துப் பார்வைக்குத் தங்கம்தான். கிட்டத்துப் பார்வைக்கு மேவிஸ் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

"விரல் ஏன் பச்சையா இருக்கு?" என்று மூன்றாம் நாளே அவள் கேட்டாள்.

"தோட்டத்துல பாசி."

"ஒரு விரல்ல மட்டுமா?"

"அந்த விரலாலதான் சுரண்டினேன்."

மேவிஸ் சோப்புக்கட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதுதான் ஹெட்லிக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

அடுத்த வாரம் போய் மோதிரத்தைத் தேடி எடுத்துவிடலாம் என்று அவர் தைரியமாக இருந்தார். மோதிரம் தொலைந்தது ஒரு வயலில். கையில் இருப்பது மோதிரத்தைக் கண்டுபிடிக்கவென்றே செய்த கருவி. இதைவிட சுலபமான காரியம் உண்டா? ஆனால் அதற்குள் கழகம் கூடிவிட்டது.

மதுக்கடையின் பின்னறையில் கூட்டம். தலைவர் ஆப்ரி மோதிர விரலில் பெரிய பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். "கார் கதவுல நசுங்கிடுச்சு," என்றார், யாரும் கேட்காமலே. பிறகு எழுந்து நின்று, கழக உறுப்பினர்களின் செவிகளில் நிலவும் சீரற்ற நிலை குறித்து ஓர் உரை நிகழ்த்தினார். ஆளுக்கொரு ஹெட்ஃபோன், ஆளுக்கொரு நிறம். ஒருவருடையது இன்சுலேஷன் டேப்பால் சுற்றப்பட்டிருக்கிறது. (அது ஹெட்லியுடையது.) இனி நீடித்து உழைக்கக்கூடியதும் அணிவதற்கு வசதியானதுமான ஒரே ஹெட்ஃபோனைக் கழகம் தேர்ந்தெடுத்து அங்கீகரிக்கும். தேர்வு முடியும்வரை களப்பணி நிறுத்தி வைக்கப்படுகிறது.

"எவ்வளவு நாள் ஆகும், தலைவரே?" என்று ஹெட்லி கேட்டார்.

"அவசரமா முடிக்கணும்," என்றார் ஆப்ரி. பிளாஸ்திரி விரலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "ரொம்ப அவசரம். அதனாலதான் ஒரு துணைக்குழு போடறேன்."

செயலாளர் கிளெனிஸ் டோப் தலையைத் தூக்கினாள். நாய் வளர்க்கிறவள், யாருக்கும் பயப்படாதவள். "இருக்கற குழுவே நம்ம எல்லாரும்தானே. துணைக்குழுவுக்கு ஆளு எங்கேருந்து வரும்?"

"நாமேதான்," என்றார் தலைவர். "ஆனா வேற நாள்ல கூடுவோம்."

துணைக்குழு கூடியது. ஐந்து மாதிரி ஹெட்ஃபோன்கள் வந்து இறங்கின. வசதியைச் சோதிக்க வேண்டுமானால் நீண்ட நேரம் அணிந்திருக்க வேண்டும் அல்லவா, ஆகவே கூட்டம் முழுவதும் எல்லோரும் மாறி மாறி அவற்றை அணிந்தபடியே விவாதிப்பது என்று முடிவாயிற்று. ஐந்து பேர் காதை அடைத்துக்கொண்டும் மற்றவர்கள் தங்கள் பழைய ஹெட்ஃபோனோடு ஒப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். கழக வரலாற்றில் அவ்வளவு அமைதியான விவாதம் நடந்ததில்லை. தலைவர் வாயசைத்தார். எல்லோரும் தலையசைத்தார்கள்.

ஹெட்லிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று மனதில் உள்ளதைக் கொட்டினார். "ஐயா, பழைய ஹெட்ஃபோனே நல்லாத்தான் இருக்கு. நாளைக்கே வயலுக்குப் போவோம். விதைப்பு வந்துட்டா அப்புறம் என்ன பண்றது? கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவர் எழுந்து நின்றதைத் தலைவர், தீர்மானத்தை வழிமொழிவதாக எடுத்துக்கொண்டார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஹெட்லியும் தூக்கினார். ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, பழைய ஹெட்ஃபோன்கள் அனைத்தையும் உடனே கழகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம், அதை வழிமொழிந்தவர் திரு. பாஸ்க். கிளெனிஸ் அங்கேயே ஒரு சாக்கை நீட்டினாள். டேப் சுற்றிய அந்தப் பழைய துணை அதற்குள் விழுந்தபோது ஹெட்லிக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

பிறகு உறுதிச் சோதனை. ஒரு ஹெட்ஃபோனை மதுக்கடை மாடியிலிருந்து போட்டார்கள். அது உடையவில்லை, கீழே நின்றிருந்த பொருளாளர்தான் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டார். ஒன்றை வாளித் தண்ணீரில் ஊறவைத்தார்கள். ஒன்றைக் கிளெனிஸின் நாயிடம் கொடுத்தார்கள். நாய் கடைசிவரை அதைத் திருப்பித் தரவில்லை என்பதால், விரும்பத்தக்கது என்ற தலைப்பின்கீழ் அதற்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. மற்றொன்றை வின்னி தர்ல்பியின் டிராக்டர் சக்கரத்தின் அடியில் வைக்க அனுமதி கேட்டுத் தலைவரும் ஹெட்லியும் போனார்கள்.

வின்னியம்மா டிராக்டரின் மேலேயிருந்தபடி இருவரையும் பார்த்தார். "ஏன் தம்பிகளா, வயலுக்குள்ள நடக்கத்தானே அனுமதி கேட்டீங்க? நடந்து பார்த்தீங்களா?"

"அதற்கான ஆயத்தப் பணிகள் நடைபெற்று வருகின்றன, அம்மா," என்றார் ஆப்ரி.

"சரிதான். திங்கக்கிழமை விதைப்பு மெஷின் இறங்குது. அதுக்கப்புறம் உள்ளே கால் வச்சா நாயை அவுத்து விட்ருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது ஹெட்லி பச்சை விரலைச் சட்டைப் பைக்குள் விட்டிருந்தார். ஆப்ரி பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே வந்தார். ஒருவருக்கு ஒருவர் வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மேவிஸும் தலைவரின் மனைவி டாஃப்னியும் சின்ன வயதிலிருந்து தோழிகள். இங்கே தும்மினால் அங்கே கைக்குட்டை எடுப்பார்கள்; இருவரும் பயந்தது அதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை முடிவு அறிவிக்கப்பட்டது. டிராக்டர் ஏறியும் நசுங்காத, காது மெத்தையில் ஆட்டுத்தோல் வைத்த, பாசிப் பச்சை நிற ஹெட்ஃபோன் வெற்றி பெற்றது. இப்போது இணைய வீடியோவில் வருகிற தேடல்காரர்கள் எல்லோரும் பாசிப் பச்சைதான் போடுகிறார்கள் என்று நலக்குழு சான்றளித்தது. போட்டுப் பார்த்த அனைவரும், தலையில் ஏதோ இருக்கிறது என்பதே தெரியவில்லை என்று சொன்னார்கள். அது ஹெட்ஃபோனைப் பற்றிய பாராட்டாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

கிளெனிஸ் மட்டும் கேட்டாள். "இதுல சத்தம் கேக்குதான்னு யாராவது பார்த்தோமா?"

எல்லோரும் ஹெட்ஃபோனைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"நீடித்த உழைப்பு, அணியும் வசதி," என்றார் தலைவர். "துணைக்குழுவுக்குக் கொடுத்த வரம்பு இது ரெண்டுதான். கேட்கிறதுங்கறது இந்த வரம்புக்குள்ள வராது."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினான்கு பேரும் பதினான்கு பாசிப் பச்சை ஹெட்ஃபோனோடு வின்னியம்மாவின் வயல் வாசலில் நின்றார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒயரின் பின்னை டிடெக்டரில் சொருகப் பார்த்தார்கள். பின் தடிமன், ஓட்டை ஒல்லி. கழகத்தின் எந்த டிடெக்டரிலும் அது போகவில்லை. எப்படிப் போகும்? எல்லா டிடெக்டரும் ஒரே ரகம், மூன்று வருடத்துக்கு முன் டிடெக்டர் தேர்வுக் குழு தேர்ந்தெடுத்தது.

"ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் போலாமா?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

"குதிரை," என்றார் தலைவர், ஒரே வார்த்தையில். பழைய ஹெட்ஃபோன் சாக்கு எங்கே என்று ஹெட்லி கேட்டார். அதைக் குப்பைக் கிடங்கில் முறைப்படி கழித்தாகிவிட்டது என்று தெரிந்தது. நாளை விதைப்பு. வருகிற வெள்ளிக்கிழமை கல்யாண நாள், லிங்கன் நகைக்கடை.

தலைவர் வானத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது. பிறகு பழைய அதிகாரி அவருக்குள் விழித்துக்கொண்டார். "விதி என்ன சொல்லுது? ஹெட்ஃபோன் அணிந்திருக்கணும். இணைத்திருக்கணும்னு எங்கேயாவது இருக்கா? இல்லை. எல்லாரும் டிடெக்டர் சத்தத்தை முழுசாக் குறைச்சுடுங்க. பின்னைச் சட்டைப் பையில போட்டுக்கங்க. ஹெட்ஃபோனை மாட்டிக்கங்க. தேடல் தொடங்கட்டும்."

தேடல் தொடங்கியது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது மிக அழகான காட்சியாக இருந்திருக்கும். பதினான்கு பேரும் ஒரே வரிசையாக, ஒரே நிறமாக, டிடெக்டரை இடமும் வலமும் வீசிக்கொண்டு, எதையும் கேட்காமல், அறுத்த கோதுமைத் தாளடியில் நடந்துபோனார்கள். ஆட்டுத்தோல் இதமாகத்தான் இருந்தது.

ஹெட்லி பாதி வயல் வரைக்கும் விதிப்படி நடந்தார். அன்றைக்குத் தேநீர் குடித்த முள்மரம் வந்ததும் நின்றுவிட்டார். விழுந்திருந்தால் இங்கேதான் விழுந்திருக்கும். காலடியில் மோதிரம் இருக்கலாம், தன் கருவி இந்த நிமிடமே அதைக் கண்டுபிடித்திருக்கலாம், அதைச் சொல்ல அதற்கு வாயில்லை. அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது: எல்லோர் காதும் அடைத்திருக்கிறது. டிராக்டர் சத்தமே உள்ளே போகாத ஹெட்ஃபோன். தான் ஸ்பீக்கரைப் போட்டால் யாருக்குக் கேட்கப் போகிறது? குதிரையும் இன்றைக்குக் கண்ணில் படவில்லை.

சுற்றுமுற்றும் பார்த்தார். சத்தத்தைக் கூட்டினார். இடது காதின் மெத்தையை ஒரு விரலால் மேலே தள்ளினார்.

வயல் முழுவதும் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பன்றிப் பண்ணைக்குத் தீவனம் வந்த நேரம்போல அத்தனை சத்தம். மற்ற பதின்மூன்று டிடெக்டரும் வாய்விட்டு அலறின. பதின்மூன்று பேரின் ஹெட்ஃபோனும் ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது. ஒருவரும் மற்றவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் மண்ணையே ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் எல்லாம் கேட்டது, ஆனால் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதே அன்றைய ஏற்பாடு. ஹெட்லியும் தலையைக் குனிந்துகொண்டார்.

முள்மரத்தின் வேர்ப்பக்கம் அவருடைய கருவி தெளிவாக ஒரு குரல் கொடுத்தது. பீர் டின் வளையத்தின் குரல் அவருக்கு அத்துப்படி, இது அதில்லை. மண்ணைக் கிளறினார். மஞ்சளாக ஒன்று மின்னியது. கல்யாண மோதிரம். கண்ணில் நீர் வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி காரில் இருந்தது. உள்ளே எழுத்து இருக்கிறதா என்று நகத்தால் தடவினார், இருந்தது. அது போதும் அவருக்கு. பித்தளை வளையத்தைக் கழற்றிக் குழியில் போட்டு மூடினார். தங்கத்தை விரலில் மாட்டினார். கொஞ்சம் லொடலொடவென்று இருந்தது. பாவம், கவலையில் இளைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

சற்றுத் தள்ளி, தேநீர்க் கூடை வைத்திருந்த இடத்தில், தலைவர் ஆப்ரி மண்டியிட்டு எதையோ பையில் போட்டார்.

மாலையில் கூட்டம். யாரும் எதுவும் கண்டெடுக்கவில்லை என்று பதினான்கு பேரும் அறிவித்தார்கள். கண்டெடுத்தேன் என்றால், கேட்காத ஹெட்ஃபோனில் எப்படி என்று கேட்பார்களே. எல்லோர் பையும் புடைத்திருந்தது, எல்லோர் முகமும் மலர்ந்திருந்தது. வின்னி தர்ல்பியின் வயலில் உலோகம் எதுவும் இல்லை என்று கழகம் முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தது. பாசிப் பச்சை ஹெட்ஃபோன் மாபெரும் வெற்றி, இனி எல்லாத் தேடலுக்கும் அதுவே என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைவர்தான் முதலில் கையைத் தூக்கினார். பிளாஸ்திரி போயிருந்தது. மோதிரம் விரலை அப்படி இறுக்கியிருந்தது, விரல் வேகவைத்த தொத்திறைச்சிபோல் ஊதியிருந்தது. "மழைக்கு வீங்கிடுச்சு," என்றார், யாரும் கேட்காமலே.

வெள்ளிக்கிழமை லிங்கன் நகரத்து நகைக்கடையில் ஹெட்லி நெஞ்சை நிமிர்த்தி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது தானாகவே வழுக்கிக்கொண்டு வந்தது. கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து உள்ளே பார்த்தார். அழுக்கைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மரியாதையான மனிதர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, நீங்கதானே டாஃப்னி?"

மேவிஸ் மோதிரத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு ஹெட்லியைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்ததும் ஹெட்லி வாயைத் திறந்தார். அதற்குள் மேவிஸ் எழுந்துபோய், கொக்கியில் தொங்கிய பாசிப் பச்சை ஹெட்ஃபோனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, எதிரே வந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

ஒன்றும் கேட்காது என்ற தைரியத்தில் ஹெட்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சட்டைப் பை, குழாய் வளையம், துணைக்குழு, தடித்த பின், முள்மரம். கொட்டகையில் உட்கார்ந்து தனியாக அழுததையும் சொன்னார். "நாப்பது வருஷத்துல உனக்கு நான் வாங்கிக் கொடுத்த ஒரே நல்ல சாமானுக்கு ஜோடி அது, மேவிஸ். அதைப் போய்த் தொலைச்சிட்டேனே. நீ போய்டுவியோன்னு பயமா இருந்துச்சு," என்றார். நேருக்கு நேராக அவளிடம் இப்படி அவர் பேசியதே கிடையாது.

பேசி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கவனித்தார். ஹெட்ஃபோனின் இடது பக்கம் அவள் காதுக்கு மேலே ஏறியிருந்தது.

மேவிஸ் ஒரு கையால் தேநீரை அவர் பக்கம் தள்ளினாள். மடியில் இருந்த போனை எடுத்துப் பார்த்தாள்.

"டீ ஆறிடும், குடி. டாஃப்னி வீட்லயும் இப்போ இதேதான் நடக்குது. காலையில ஆப்ரி விரல்ல சோப்புப் போட்டுத் தேய்ச்சு மோதிரத்தைக் கழட்டினாளாம், உள்ளே என் பேரு," என்றாள். "அவளும் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கா. ஆப்ரி இன்னும் துணைக்குழு வரைக்கும்கூட வரலையாம்."